கை நிழலுக்கு இறங்கும் புழு

ஒரு நாளைக்கு ஐம்பது வீடு. கம்பம் நகரில் டெங்கு தடுப்பு வேலை பார்க்கும் மெர்லினுக்கு அதுதான் கணக்கு. டிரம், தொட்டி, பழைய டயர் என்று எட்டிப் பார்ப்பார். கொசுப்புழு நெளிந்தால் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்.

ஈஸ்டர் முடிந்ததிலிருந்து அவர் பையில் மூடிபோட்ட ஊறுகாய் பாட்டில் ஒன்று இருக்கிறது. கவிழ்ப்பதற்கு முன் ஒரு கரண்டி புழுவை அதில் அள்ளிக்கொள்வார். எல்லாம் குமுளியில் வாங்கிவந்த பஃபர் மீனுக்காக. பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிய மீன். உயிருள்ள இரையைத்தான் தின்னும், அதையும் யோசித்து யோசித்துத் தின்னும். அது யோசித்து முடிப்பதற்குள் வீட்டு மீன்தொட்டியில் இருக்கும் ஆறு ஜீப்ரா மீன்களும் மேலே பாய்ந்து அத்தனையையும் விழுங்கிவிடும். பத்தே நாளில் பஃபரின் வயிறு ஒட்டிப்போனது.

பக்கத்து வீட்டு அபிதாவுக்குப் போன வாரம் தன் டிரம்மைக் கவிழ்த்த கோபம் இன்னும் ஆறவில்லை.

“ஊரு டிரம்மையெல்லாம் கவுத்துட்டு, உங்க வீட்டுல கொசு வளக்கீகளாக்கா? ஒன்னு பறந்து வரட்டும், ஆபீசுக்கே போன் போடுறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் மெர்லினுக்கு உறைத்தது. மீனும் சாகக் கூடாது, புழுவும் கொசுவாகக் கூடாது.

கணவர் ஆரோக்கிய பிரபு திராட்சைத் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய் பதிப்பவர். தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, தலைகீழாகத் தொட்டி விளிம்பில் மாட்டினார். அதன் வாயில் ஒரு சாண் டிரிப் குழாயைச் செருகினார். குழாயின் மறுமுனை, பஃபர் பதுங்கும் செடி மூலையில் போய் நின்றது.

“வேருக்கு நேரா எறக்குற மாதிரிதான். ஒன்னொன்னா எறங்கும் பாரு.”

பாட்டிலில் புழுவை ஊற்றினார்கள். ஒன்றுகூட இறங்கவில்லை. எல்லாம் வாலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கின.

“இது என்ன உரத்தண்ணியா எறங்க? மூச்சுவிட மேலதான் நிக்கும். அம்பது வீடு பாக்குறவகிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?”

“சரி ஆத்தா, நீயே எறக்கு.”

இன்னும் நாலு வார்த்தை சொல்லத்தான் மெர்லின் பாட்டில் பக்கம் குனிந்தார். தலை நிழல் விழுந்ததும் புழுக்கள் அடிக்குப் பாய்ந்தன. அவருக்குத் தினமும் பழகிய காட்சி. டிரம்முக்குள் தலை நீட்டினாலே புழுவெல்லாம் கீழே ஓடிவிடும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் ‘சுத்தம்’ என்று எழுதிவிட்டுப் போவது அதனால்தான்.

நிமிர்ந்து, வெளிச்சம் பட விட்டு, பாட்டிலுக்கு மேலே உள்ளங்கையை விரித்தார். நாலைந்து புழுக்கள் பாட்டில் கழுத்துக்குள் பாய்ந்து குழாய் வழியே வெளியே வந்தன. பஃபர் ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு கொத்தியது. தப்பி மேலேறிய புழுக்களை ஜீப்ரா மீன்கள் கவனித்துக்கொண்டன. கொசுவாகும்வரை ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரே வாரத்தில் பஃபருக்குத் தொந்தி விழுந்தது. அபிதா வந்து தானும் கையை விரித்துப் பார்த்தாள்.

“இங்கேரு அக்கா, சொன்னபடி கேக்குது!”

திங்கள்கிழமை மெர்லினுக்குச் சொந்தத் தெருவில் சோதனை. முதல் வீடு அபிதாவுடையது; பையில் ஊறுகாய் பாட்டில் தயாராக இருந்தது.