அண்ணன் சேர்க்காத நிரூபணம்

2020 மார்ச் 18, புதன்கிழமை, காலை எட்டு மணி. பெருந்தொற்றால் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய முதல் நாள். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்ட வீட்டில், அண்ணன் குளித்துத் தலைவாரி மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தான். தொழிற்சாலையில் அவனை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். "இப்பதான் பாப்பா நமக்கு டைம் கெடச்சிருக்கு" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை அதற்குமுன் நான் கண்டதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் அவன். கணித நிரூபணங்களைக் கணினி வரிவரியாகச் சரிபார்க்கும் வகையில் எழுதிச் சேர்க்கும் இணையத் திட்டமொன்றில், பல நாட்டுத் தன்னார்வலர்களோடு அவனும் இருந்தான். அதுவரை பிறர் எழுதியவற்றில் பிழை திருத்திவந்தவனுக்கு, ஒரு தேற்றத்தை முழுமையாக எழுதும் பொறுப்பு அப்போதுதான் கிடைத்திருந்தது. முடித்தால் அதன் தலைப்பில் அவன் பெயர் இருக்கும்.

சில வாரங்களில் என் பல்கலைக்கழக வகுப்புகள் இணையத்துக்கு மாறின. வீட்டில் இருந்தது அந்த ஒரு கணினிதான். நான் கேட்பதற்கு முன்பே தந்துவிட்டான். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் எழுதலானான். "சாமி படத்தக்கூட விட்டு வைக்க மாட்டியாடா?" என்று அம்மா கடிந்துகொள்வார்.

ஒரு பிற்பகல் தாள்களோடு வந்து நின்றான். அன்று மாலைதான் கெடு. "முடிச்சிட்டேன் பாப்பா. ஒரு மணி நேரம் குடு, ஏத்திர்றேன். மழ வந்தா லைன் போயிரும் லா."

"கிளாஸ் இருக்குண்ணே" என்றேன்.

"சரிங்க புரொபசரம்மா" என்று சிரித்தபடி நகர்ந்தான். என் வகுப்பு முன்பே முடிந்திருந்தது. தோழியரோடு அரட்டையில் இருந்தேன். அவன் அதை அறிந்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. இணைப்பு திரும்ப இரண்டு நாட்களாயின. கெடு தவறியதும், அதே தேற்றத்துக்கு வேறொரு நாட்டில் யாரோ தம்முடைய நிரூபணத்தைச் சேர்த்திருந்தார். அண்ணன் அதைக் கடைசி வரி வரை படித்தான். "நல்லாதான் எழுதியிருக்கான் லா. என்னோடத விடச் சின்னது." அதன்பின் அந்தத் திட்டத்துக்கு அவன் எதையும் எழுதவில்லை. அடுத்த ஆண்டு அதே தொற்று அவனைக் கொண்டுபோயிற்று. மூடிய பெட்டியைத்தான் தொலைவிலிருந்து எங்களுக்குக் காட்டினார்கள்.

அவனுடைய மின்னஞ்சலை இப்போதும் நான் திறந்து பார்ப்பதுண்டு. சென்ற வாரம் அதில் ஓர் ஆய்வுக் கேள்வித்தாள் வந்திருந்தது. பொதுமுடக்கம் தன்னார்வலர்களின் பங்களிப்பைப் பாதித்ததா என்று கேட்டிருந்தார்கள். நேரம் கூடியது, ஆர்வம் குறைந்தது, உடல்நலமின்மை எனச் சில காரணங்கள், இறுதியில் 'பிற' என்றொரு கட்டம். அவன் இறந்துவிட்டதைத் தெரிவித்து, அந்த இடத்தில் 'வீட்டில் ஒரே கணினி. தங்கையின் வகுப்புகளுக்குத் தேவைப்பட்டது' என்று எழுதினேன். அனுப்பக் கை வரவில்லை.

மறுநாள் காலை இரண்டாவது வாக்கியத்தை அழித்தேன். 'அவன் கேட்ட அந்த ஒரு மணி நேரம் எனக்கு வகுப்பு இல்லை. இருப்பதாகச் சொன்னேன்' என்று எழுதி அனுப்பினேன்.