கொடியில் நாலு துணி

வெயில் வாசலுக்கு வந்ததும் பாஞ்சாலை நாலு துணியை உதறிக் கொடியில் போட்டுவிடுகிறாள். நாலும் மாதவிலக்குக்கு வைக்கும் சிவப்புப் பருத்தி. வழியில் போகிறவர் தலையில் இடிக்காத குறைதான். தூரமான நாளிலும் நாலு, ஆகாத நாளிலும் நாலு. மாதம் முப்பது நாளும் அதே துணிகள் வெயிலில் ஆடினால், அவளுக்கு எது எந்த நாள் என்று யார் விரல் மடக்கி எண்ண முடியும்?

எண்ணத்தான் பார்க்கிறார்கள். அந்த மலை ஊரின் தண்ணீர்த் தொட்டிக்கு அவள்தான் ஆபரேட்டர். வால்வைத் திருகும் இரும்புச் சாவி எந்நேரமும் இடுப்பில் இருக்கும். தூரமான பெண் தொட்ட தண்ணீரை ஊர் குடிக்காது. தெரிந்த அன்றே சாவி கைமாறிவிடும். ஊர்ப் பெரியவர் சின்னராசு தன் மகனுக்காக அதற்கென்றே காத்திருக்கிறார்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. நின்றுவிட்டதா என்று யாராவது வாயைக் கிளறினால், “அத்த வேற உன்கிட்ட எழுதிக் குடுக்கணுமா?” என்பாள்.

உட்காரத் தெரியாத பெண். கூழைக்கூட நடந்துகொண்டே குடிப்பாள். தொட்டிக்கு ஒரு நடை, மோட்டார் அறைக்கு ஒரு நடை, நடுவில் ஊர்க்கோடிக் குடிசைக்கு ஒரு நடை. மாதவிலக்கான பெண்கள் மூன்று நாள் ஒதுங்கும் குடிசை அது. முன்பு அங்கே குழாய் கிடையாது. யாராவது எட்ட நின்று ஊற்றினால்தான் உண்டு. போன வருஷம் ஒன்பதாவது படிக்கும் கவியா அங்கே ஒரே துணியோடு மூன்று நாள் கிடந்தாள். தொடையெல்லாம் புண்ணாகி, ஜுரம் ஏறி, போளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த வாரமே பாஞ்சாலை தொட்டியிலிருந்து குடிசை வரை ரப்பர் குழாய் இழுத்துவிட்டாள். சாவி போனால் அந்தத் தண்ணீரும் போய்விடும். சின்னராசு வீட்டுப் பிள்ளையா அங்கே திறந்துவிடப் போகிறான்?

குடிசை வாசலில் அவள் போடும் அதட்டல் ஓடைவரை கேட்கும்.

“இன்னாடி, காலையில வெச்சதா இன்னும் கீது? மணி ரெண்டாவுது, போய் மாத்து. கைய சோப்பு போட்டுக் கழுவு. நாப்கின ஓடையில வுட்டீன்னா கால ஒடிச்சிருவேன், பேப்பர்ல சுத்திக் குழியில போடு.”

கவியா அலசிய துணியைக் கூரை ஓலைக்குள் சொருகப் போவாள்.

“அங்க வைக்காத. நெழல்ல துணிதான் காயும், கிருமி காயாது.”

“வெளிய போட்டா ஆம்பளைங்க பாப்பாங்க அத்தே.”

“பாக்கட்டும். அவங்க கோமணம் காயறத நாம பாக்கலியா?”

குடிசைக்குள் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பாதி வழி போயிருப்பாள்.

தொட்டியடியில் சின்னராசுவின் மனைவி ரத்தினம்மாள் மோப்பம் பிடிப்பாள். “இன்னா பாஞ்சால, மொகம் வாடிக் கெடக்குது?”

“உன் கொடம் ரொம்ப பெருசு அத்தே. நின்னு நின்னு வாடிட்டேன்.”

இந்த ஆடியில் காளியம்மனுக்குப் பொங்கல் வைத்த காலையில், இரண்டாம் நாள் வலி அவள் அடிவயிற்றைப் பிசைந்தது. குளித்தாள், துணி மாற்றினாள், தொட்டிக்கு வந்துவிட்டாள். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். சாமிக்கு முதல் குடம் பிடிக்க வேண்டும். சின்னராசு வால்வுக்குப் பக்கத்தில் ஒரு தட்டை வைத்துச் சூடம் ஏற்றினார்.

“பாஞ்சால, இது சாமி காரியம். தூரமில்லன்னு இந்தச் சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணு. அப்புறம் வால்வத் தொடு.”

“பண்ணலன்னா?”

“சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போய்க்கினே இரு.”

ரத்தினம்மாள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். பொய்ச் சத்தியம் செய்ய பாஞ்சாலைக்கு மனம் வராது. காளி அவளுக்கும்தான் சாமி. சாவியைக் கொடுக்கவும் கை வராது. குடிசையில் அன்றைக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். கால் கட்டைவிரல் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

சட்டென்று குனிந்து தட்டை எடுத்தாள். அணைக்கவில்லை. எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையைக் காட்டி, கோயிலில் செய்வது போலவே இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு, “சாமி சூடம், ஒத்திக்கோங்க மாமா” என்று அதே தட்டைச் சின்னராசுவிடம் நீட்டியபடி, மறு கையால் சாவியை உருவி வால்வில் மாட்டினாள்.