சும்மா வந்த வெயில்

இன்று காலை பால் திரிந்துபோயிற்று. இதெல்லாம் ஒரு செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். பாத்திரத்தில் நேற்றைய புளிப்பு ஏதாவது ஒட்டியிருக்கும், இல்லை பாக்கெட் வெயிலில் கிடந்திருக்கும். ஆனால் காரைக்கால் பக்கத்தில் பால் திரிந்தால் முதலில் தண்ணீரில் உப்போ என்றுதான் சந்தேகப்படுவோம். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கேன் தண்ணீர். ஒரு ருசியும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அந்த வாசனையில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அது விழிதியூரில் இருக்கும் அக்கா வீட்டு வாசனை. அக்காவிடம் நான் பல வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு விஷயத்தின் வாசனையும் அதுதான்.

அக்கா வீடு வயலை ஒட்டியிருக்கும். கொல்லைக் கதவைத் திறந்தால் வரப்பு, வரப்போரம் ஒரு ஆழ்துளைப் போர். கடலோர ஊர்களில் நல்ல தண்ணீர் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இந்தத் தெருவில் இனிக்கும், அடுத்த தெருவில் கரிக்கும். அக்கா வீட்டுப் போர் இனிக்கும். கொம்யூன் பஞ்சாயத்துக் குழாய் வாசலிலேயே இருந்தும் தெருப் பெண்கள் குடத்தோடு கொல்லைக்குத்தான் வருவார்கள். அக்காவுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. யார் வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் சொம்பும் டம்ளரும் வந்துவிடும்.

"மொதல்ல தண்ணியக் குடி. அப்பறம் பேசு."

நான் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொன்று கேட்பேன். பாதி தாகத்துக்கு, பாதி அவள் முகத்துக்கு.

அப்போது எனக்கு ஊர் ஊராகப் போய்ச் சூரியனுக்கு விளம்பரம் செய்கிற வேலை. டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருந்தவனை ஒரு தொண்டு நிறுவனம் களப்பணியாளராகச் சேர்த்துக்கொண்டது. பழைய மொபெட் ஒன்று, பின்னால் சுருட்டிக் கட்டிய படத்தாள்கள் பத்து. முதல் தாளில் சூரியன் கண், மூக்கு எல்லாம் வைத்துச் சிரிப்பார். இரண்டாவதில் காற்றாலை. மூன்றாவதில் சாண எரிவாயு. அதை விளக்கும்போது முன்வரிசையில் யாராவது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், படத்துக்கே. அப்புறம் தீர்ந்துபோகிறவை, தீராதவை என்று நடுவில் கோடு போட்ட ஒரு தாள். "டீசல் தீரும், நிலக்கரி தீரும், வெயில் தீராது. சூரியன் பில் அனுப்ப மாட்டார்" என்பேன். கோட்டுச்சேரியானாலும் திருமலைராயன்பட்டினமானாலும் அதே இடத்தில் அதே சிரிப்பு வரும். ஒவ்வொரு தடவையும் நானே அதை அப்போதுதான் கண்டுபிடித்தவன் போல நிற்பேன்.

பத்தாவது தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பூமியைக் குறுக்கே வெட்டியதுபோல ஒரு படம். மேலே நீலத்தில் நல்ல தண்ணீர், அடியில் சிவப்பில் உப்புத் தண்ணீர். நல்லதை அளவாக எடுத்தால் மழையும் ஆறும் திரும்ப நிரப்பிவிடும். ஒரேயடியாக உறிஞ்சினால் அடியில் இருப்பது மேலே ஏறிவிடும். வெயில் தீராவிட்டாலும் தண்ணீர் தீரும் என்பதுதான் அந்தத் தாளின் மொத்த விஷயம். ஆனால் ஒன்பதாவது தாளை நான் புரட்டும்போதே பின்னாலிருந்து போண்டா வாசனை வந்துவிடும். கூட்டம் எழுந்துவிடும், நானும் எழுந்துவிடுவேன். போண்டா ஆறிப்போனால் யாருக்கு என்ன லாபம்? மற்ற தாள்களெல்லாம் ஓரம் கிழிந்து அழுக்கேறிப்போயின. பத்தாவது தாள் வந்த நாளில் இருந்தது போலவே இருந்தது.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அப்போது டீசல் இன்ஜின் வைத்திருந்தார். "இவரு பக்கத்துல ஒக்காந்தா சாம்பார்லகூட டீசல் வாடை அடிக்கிது" என்று அக்கா மூக்கைச் சுளிப்பாள். டீசல் விற்ற விலைக்கு மாமா இரண்டு மணி நேரத்துக்கு மேல் இன்ஜினை ஓடவிட மாட்டார். மிச்ச நேரம் அது கிடந்து ஆறும், போரும் சேர்ந்து ஆறும். அந்த ஓய்வில்தான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடலாம்.

மானியத்தில் சூரிய சக்தி மோட்டார் வந்தபோது மாமாவுக்கு நான்தான் ஏற்பாடு செய்துகொடுத்தேன். ஊருக்கெல்லாம் படத்தாளை விரித்தவனுக்கு, வீட்டு மனுஷர் எதிரில் விரிக்கக் கூச்சமாக இருந்தது. பத்தாவது தாள் விஷயத்தை வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் நாள் தண்ணீர் கொட்டியபோது மாமாவால் நம்ப முடியவில்லை. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். கையை மோந்து பார்த்தார்.

"வாடையே இல்லையே மாப்ள!"

அன்றிலிருந்து பொழுது கிளம்பி மேற்கே சாயும்வரை மோட்டார் ஓடியது. வயல் தளும்பி வழிந்தும் ஓடியது. ஒருநாள் நானே கேட்டேன்.

"ரொம்பிடுச்சே மாமா, நிறுத்திடலாமே?"

"எதுக்குங்கிறேன்? வெயிலு சும்மா வருது. அத வீணடிக்கலாமா?"

அவர் இலையில் ஒரு பருக்கை மீதம் வைக்காத மனுஷர். வெயில் அடிக்கும்போது மோட்டார் சும்மா இருப்பது அவருக்குப் பாதிச் சோற்றில் எழுந்துபோகிற மாதிரி. அந்தச் சிக்கனத்தில் நான் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பக்கத்து வயல்களுக்கும் வாய்க்கால் வெட்டிவிட்டார், யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. உளுந்தோடு நிறுத்திக்கொள்கிற நிலத்தில் கோடை நெல் நின்றது. நான் அதை வெற்றிக் கதை என்று எழுதி ஆபீசில் கொடுத்தேன். அதில் மாமாவின் சிரிப்புக்கே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன்.

இரண்டாவது கோடையில் அக்கா வீட்டில் பருப்பு வேகவில்லை. "பழைய பருப்பத் தலையில கட்டிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டினாள். கடையை மாற்றினாள். அந்தப் பருப்பும் வேகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் போனேன். அடுத்த வாரம் மோட்டாரைப் படம் எடுக்க ஆபீசிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அது நல்லபடியாக முடிந்தால் என் வேலை நிரந்தரமாகிவிடும் என்று சொல்லப் போனேன். சொம்பு வந்தது. குடித்தேன். கரிப்பு என்று சொல்ல முடியாது. நாக்கின் ஓரத்தில் ஏதோ தடவினாற்போல இருந்தது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டுகிற பேனா மாதிரிக் கருவி என் பையில்தான் இருந்தது. பையைத் திறக்கவில்லை. அக்கா எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குக்கா" என்றேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

படம் எடுக்க வந்தார்கள். மாமா தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு சிரித்தார். என் வேலை நிரந்தரமாயிற்று. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் பிறகு பால் திரிய ஆரம்பித்தது. அக்கா வாசலில் நின்று பால்காரரோடு தெருவுக்கே கேட்கிற மாதிரி சண்டை போட்டாள். குடத்தோடு வந்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, குடங்கள்தான் வரவில்லை. பயிர் நுனி கருகியது. வரப்பில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. கடைசியில் ஆபீசிலிருந்து வந்து பார்த்தவர், ருசி மாறின உடனே நிறுத்தியிருந்தால் ஒருவேளை தேறியிருக்கும், இனி கஷ்டம் என்றார். மாமா அவர் போகிறவரை காத்திருந்து என் பக்கம் திரும்பினார்.

"இப்புடி ஆவும்னு ஒனக்குத் தெரியுமா மாப்ள?"

"யாருக்கு மாமா தெரியும்?" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

என் நிரந்தர வேலையும் மூன்று வருஷத்தில் முடிந்துபோயிற்று. திட்டம் நிறைவு பெற்றது என்று ஒரு சால்வை போர்த்தி அனுப்பினார்கள். இதையெல்லாம் நினைத்தால் மனசு உறுத்துமே என்பீர்கள். ஆரம்பத்தில் உறுத்தியது. இப்போது ஒன்றும் வருவதில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளுகிற மாதிரி அவ்வப்போது கிள்ளிப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். இன்று காலை அந்த வாசனையில் நின்றபோதும் அப்படித்தான் இருந்தது. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பையில் வைத்துக்கொண்டு விழிதியூர் பஸ் ஏறினேன்.

மாமா வீட்டில் இல்லை. இப்போது மழையையும் ஆற்றையும் நம்பி ஒரு போகம்தான். மிச்ச மாதங்களில் கோட்டுச்சேரியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறார். அக்கா கொல்லையில் இருந்தாள். சூரிய சக்தித் தகடுகள் அப்படியே நிற்கின்றன. மோட்டாரைக் கழற்றியாயிற்று. தகடுகளின் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் சூரிய சக்திதான், அதற்கும் பில் வராது. எடுத்து மடித்துக்கொண்டிருந்தவளிடம் முன்னுரை எதுவும் இல்லாமல் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு ஒருநாள் தண்ணி நல்லாருக்குன்னு சொன்னேன்ல. அப்பவே ருசி மாறியிருந்துச்சு. எனக்குத் தெரியும்."

அவள் தலையணை உறையை உதறினாள். நாலாக மடித்தாள்.

"தெரியும்டா" என்றாள். "அன்னைக்கு நீ ரெண்டாவது டம்ளர் கேக்கல."

ஒரு துண்டை எடுத்து நானும் மடிக்க ஆரம்பித்தேன்.

"ஒனக்கு வேல நெலைக்கிற நேரம். நானும் சும்மா இருந்துட்டேன். ஒங்க மாமாட்ட இன்னி வரைக்கும் சொல்லல."

அப்படியானால் பால்காரரோடு ஏன் அவ்வளவு சத்தமாகச் சண்டை போட்டாய் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நான் மடித்த துண்டு கோணலாக இருந்ததால் அவள் வாங்கித் திரும்ப மடித்தாள். துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். அடுப்படி மூலையில் தண்ணீர்க் கேன் அதன் தாங்கி மேல் கவிழ்ந்து நின்றது. அலமாரியில் அந்தச் சொம்பு இருந்தது, உள்ளே கரண்டிகள். அக்கா கேனை லேசாக ஆட்டிப் பார்த்தாள்.

"தண்ணி கொண்டாந்திருக்கியா?" என்றாள்.

பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினேன்.

"அதையே குடி. கேன்ல கொஞ்சந்தான் கெடக்கு. நாளைக்குத்தான் வண்டி வரும்."