எடுக்காத போனில் கேட்ட பாட்டு

அந்தப் பாட்டின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், பிள்ளைகளே, நீங்கள் ரெண்டு பேரும் படிப்பதை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்துவிடுவீர்கள். அது வந்த வருஷம் ஆரணியில் அது கேட்காத தெரு கிடையாது.

எங்கள் கல்யாணமும் அந்த வருஷம்தான், தொண்ணூறுகளின் நடுவில். மைக் செட்காரரிடம் எத்தனையோ கேசட் இருந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் அந்த ஒரு பாட்டையே திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார்கள். கடைசியில் ஐயர் பொறுக்க முடியாமல், "யோவ் செட்டு, தாலி கட்றப்பவாவது நிறுத்துய்யா. எனக்கு மந்திரமே அந்த மெட்டுல வருது" என்றார். பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த உங்கள் அம்மா தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு பாட்டு ஆறு மாசம் ஓடும், அப்புறம் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. பட்டுக் கடைக்காரர்கள் புடவையில் போடும் ஒரு புட்டா டிசைனுக்கு அந்தப் பாட்டின் பேரை வைத்தார்கள். பாட்டுக்கும் புட்டாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் கடைக்கு வந்த பெண்கள் பேரைச் சொல்லித்தான் கேட்டார்கள். நானும் உங்கள் அம்மாவும் அதையே ரெண்டு வருஷம் நெய்தோம். ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது அம்மன் பாட்டு அந்த மெட்டில் வந்தது. கிறிஸ்மஸ் சமயத்தில் பக்கத்துத் தெருக்காரர்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்ததும் அதே மெட்டு. ஓட்டு கேட்டு வந்த ஆட்டோவிலும் அதுதான், வார்த்தையை மட்டும் கட்சிக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருந்தார்கள். பத்து வருஷம் கழித்து ஸ்கூல் ஆண்டு விழாவில் அதற்கு ஆடினார்களே, பெரியவளே, அதில் நீயும் ஒருத்தி.

அதற்கு அடுத்த கோடையில்தான் உங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா, சேத்துப்பட்டில் கை கால் விழுந்து படுத்துவிட்டார். உங்களுக்கு முழுப் பரீட்சை லீவு. பிள்ளைகளோடு போய் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள் அம்மா. ரெண்டு பக்கமும் கரை வைத்த புடவை என்றால் தறியில் ரெண்டு பேர் உட்கார வேண்டும். வலது கைப் பக்கம் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாக் கட்டையைத் தள்ளிக் கொடுக்கிறவள் அவள்தான். புடவை பாதியில் நின்றது.

"தறி நிக்குமே" என்றேன்.

"எங்க அப்பா படுத்துகினு இருக்கார்ங்க."

"உன் தம்பி இருக்கான் இல்ல?"

"அவன் வேலைக்குப் போவ வேணாமா?"

"அப்ப போ. போனா அங்கியே இரு."

கடைசி வார்த்தையைச் சொன்னது நான். அதை மறைத்து எழுதினால் இதை எழுதியே பிரயோஜனம் இல்லை. அவளைப் பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை. மாமனாரைப் பார்க்கவும் போகவில்லை.

அந்தப் பாதிப் புடவையைப் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி உட்காரவைத்து முடித்தேன். அப்புறம் ஒரே ஆள் நெய்கிற ஒத்தைக் கரைப் புடவைக்கு மாறிவிட்டேன். பகலில் தறிச் சத்தம் இருக்கும். சாயங்காலம் அது நின்றதும் வீடு நம்முடையது இல்லாத மாதிரி ஆகிவிடும். சோறு வடித்தால் நாலு பேருக்கு வந்துவிடும். கைக்கு வேறு அளவு தெரியவில்லை.

ஒரு மாசம் போனது. அம்மாவின் தம்பி, என் மச்சான், அவளுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்து, நம்பரை எனக்கு அனுப்பினான். என்னிடமும் ஒரு போன் இருந்தது. தறியை விட்டு எழுந்து நின்று கூப்பிட்டேன். மணி அடிக்கும் என்று பார்த்தால், அந்தப் பாட்டு. மனசு நேராக ஐயர் திட்டிய இடத்துக்குப் போய்விட்டது. பாட்டு பாதியில் அறுந்து "அலோ" என்று அவள் குரல் வந்தது. சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்: "எப்ப வர? தறி காலியா கிடக்குது."

வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

நியாயமாக எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் அந்தப் பாட்டுதான். ஊரில் இத்தனை பாட்டு இருக்க, நம் கல்யாணத்தில் போட்டதைத் தேடி வைத்திருக்கிறாள் என்றால் கோபம் மேலுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். நான் கேட்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறாள், எடுக்காமல் இருப்பது விளையாட்டு. தினமும் மத்தியானம் தறியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவேன். பாட்டு தானாக நிற்கும்வரை கேட்டுவிட்டு மறுபடி உட்காருவேன். இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். சில நாள் அவள் எடுத்துவிடக் கூடாதே என்றுகூட இருந்தது. எடுத்தால் பேச வேண்டும். பாட்டு என்றால் கேட்டால் போதும்.

ஜூன் மாசம் சேத்துப்பட்டிலிருந்து வந்த ஒருத்தர், உங்கள் ரெண்டு பேரையும் அங்கேயே ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள் என்றார். அன்றைக்கும் நான் பஸ் ஏறவில்லை. போன் செய்து பாட்டைக் கேட்டேன்.

ஒரு நாள் ரீசார்ஜ் கடையில் நின்றபோது, எனக்கு நூல் சுற்றித் தருகிற பெரியவருக்குப் போன் போட்டேன். அவர் போனிலும் அதே பாட்டு.

"இன்னாணா, பேய் அறஞ்ச மாதிரி நிக்கற?" என்றார் கடைக்காரர்.

"இவருக்கும் இந்தப் பாட்டு வருது."

"எவனுக்குத்தான் வரல? கம்பெனிகாரனே எல்லாருக்கும் சும்மா போட்டு வுட்டுட்டான். எனக்குப் போன் அடி, என் மாமியாருக்கு அடி, இதான் பாடும். கேட்டுக் கேட்டு பேஜாராப் பூடுச்சுணா."

அவர் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்குப் போகாமல் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். எனக்கென்று யாரும் எதையும் வைத்திருக்கவில்லை. இத்தனை நாளாக நான் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

நான் சேத்துப்பட்டு போய்ச் சேர்ந்தபோது நீங்கள் ஸ்கூலில் இருந்தீர்கள். அம்மா குழாயடியில் தாத்தாவின் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். "வாங்க" என்றாள், அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என் போன்ல பாட்டா? இன்னா பாட்டு?"

கூப்பிடுகிறவன் காதுக்குத்தான் அது கேட்கும், போனுக்குச் சொந்தக்காரிக்குக் கேட்கவே கேட்காது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கித் தன் நம்பருக்கே அடித்தாள். உள்ளே அவள் போன் மணி அடித்தது. இங்கே காதில் வைத்தபடி பாட்டு முடியும்வரை நின்றாள். சிரிப்பாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை.

"இத்தினி நாளு இதக் கேட்டுகினா இருந்தீங்க?"

"ம்."

"ஒரு மணி நேரம் பஸ்சு. ஏறி வரதுக்கு இன்னா?"

போனை என் கையில் திருப்பி வைத்தாள்.

"எடுக்கலாம்னுதான் தோணும். எடுத்தா எப்ப வரன்னு கேப்பீங்க. எங்க அப்பா எப்படி இருக்கார்னு ஒரு நாளு கேட்டீங்களா?"

"எப்படி இருக்கார்?" என்றேன்.

"உள்ள போயி பாருங்க."

தாத்தா பாதியாக இளைத்திருந்தார். இடது கை யாரோ கொண்டுவந்து வைத்தது மாதிரிப் பக்கத்தில் கிடந்தது. என்னைத் தெரிந்துகொண்டார், வாயின் ஒரு ஓரம் அசைந்தது. அம்மா விரிப்பு மாற்றும்போது நான் அவரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் ஸ்கூல் விட்டு வந்தீர்கள். சின்னவனே, நீ என்னைப் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய்.

ரெண்டு நாள் இருந்தேன். "அவர் இருக்கற வரைக்கும் நான் இங்கதாங்க" என்றாள் அம்மா. இந்தத் தடவை நான் தறியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தனியாகத்தான் ஆரணிக்குத் திரும்பினேன். தாத்தா கண் மூடும்வரை இன்னும் நாலு மாசம் தனியாகத்தான் இருந்தேன். சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

அந்த நாலு மாசமும் மத்தியானம் கூப்பிட்டால் எடுத்துவிடுவாள். "மாமா சாப்பிட்டாரா?" என்பேன். சொல்லிவிட்டுப் போனைத் தாத்தா காதில் வைப்பாள். அவரால் பேச முடியாது, மூச்சு மட்டும் கேட்கும். காலமெல்லாம் மணிலாக்கொட்டை பயிர் வைத்த விவசாயியிடம் நான் என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது தறிதான். "மாமா, இன்னிக்கி புடவை உடல் கிளிப்பச்சை, கரை அரக்கு. ஆள் இல்ல, அதனால ஒத்தக் கரைதான்" என்று ஆரம்பிப்பேன். அம்மா போனைத் திரும்ப வாங்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.