எந்த வேதம் என்று கேட்ட நாள்

சபையாரே, எனக்கு நின்று பேச வராது. மைக்கைப் பிடித்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்து வைக்கக் கூடாது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் வேலை செய்கிறேன். பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பி காலுக்குப் பக்கத்தில் பாயும். அதற்குப் பயந்தது இல்லை. போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் பயந்தேன்.

என் மகள் எஸ்தர் அந்தப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். அவள் அம்மா ஆண்டவரிடம் போன பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அது மிஷன் பள்ளி. முன்பு நம் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடக்கும். மற்றப் பிள்ளைகள் பக்கத்து அறையில் நீதிபோதனைக்குப் போவார்கள். இந்த வருடம் நிர்வாகம் இரண்டையும் நிறுத்திவிட்டது. இனி எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து எல்லா மதங்களையும் பற்றிப் படிக்க வேண்டும் என்றார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஷிப்ட் வரும். படிப்பும் கம்மி. எஸ்தர் ஆண்டவரைப் பற்றிக் கற்றுக்கொண்டது அந்த வகுப்பில்தான். அதுவும் போனால் பிள்ளை வழி மாறிவிடுவாளோ என்று பயந்தேன்.

புது வகுப்புக்கு நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் வாயில் அது நுழையவில்லை. பழக்கத்தில் அதையும் வேத பீரியட் என்றே சொன்னார்கள். அதுதான் வினை.

என்னோடு மில்லில் வேலை செய்யும் மாரிக்குப் பழவேற்காட்டுப் பக்கம். மீன்பிடிக் குடும்பம். அவன் மகனும் எஸ்தர் வகுப்புதான். பையன் வீட்டுக்குப் போய், "எங்களுக்கும் வேத பீரியட் வந்துடுச்சு" என்றிருக்கிறான். பிள்ளைகளை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் பக்கம் போனில் பரவியது. நம் பக்கம் வேறு மாதிரி. பைபிளை எடுத்துவிட்டு சமஸ்கிருத வேதம் வைக்கிறார்கள் என்று யாரோ போனில் பேசி அனுப்பினார்கள். நானும் நம்பினேன்.

அன்று பள்ளி முன்னால் கூட்டம் கூடுகிறது என்று கேட்டு, ஷிப்ட் முடிந்து அப்படியே ஓடினேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நம் ஆட்கள். எதிரில் அவர்கள். கேட் பூட்டியிருந்தது. பிள்ளைகள் உள்ளே. ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியை அந்தப் பக்கம் ஒருவன் எடுத்தான். அதைப் பார்த்து இந்தப் பக்கமும் எடுத்தோம். நிமிர்ந்து பார்த்தேன். மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எஸ்தர் நிற்கிறாள். பக்கத்தில் மாரியின் மகன்.

மனதுக்குள் ஜெபித்தேன். பெரிய ஜெபம் இல்லை. ஆண்டவரே, பாடம் எப்படியோ போகட்டும், பிள்ளை மேல் கல் விழக் கூடாது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு எதுவும் வரவில்லை.

எதிர்க் கூட்டத்திலிருந்து மாரி என்னைப் பார்த்துவிட்டான்.

"இன்னா தாஸண்ணா, கூடவே குந்திகினு துன்னுட்டு, எங்க பசங்களுக்கு உங்க வேதத்த ஊத்தப் பாக்குறீங்களா?"

எனக்கு வாய் வராது. அன்று வந்தது.

"எங்க வேதத்த எடுத்துட்டாங்கடா. உங்க வேதத்ததான் வெக்கிறாங்க."

மாரி முழித்தான். "எங்க வேதமா? எனக்கு இன்னா வேதம் தெரியும்? எல்லையம்மனுக்குக் கூழு ஊத்துற ஆளுண்ணா நானு."

அவன் மனைவி செல்வி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்போ எந்த வேதத்துக்குய்யா இந்த வெயில்ல கல்ல புடிச்சிகினு நிக்கிறீங்க ரெண்டு பேரும்? புள்ளைங்க மேல நிக்கிது, பாரு."

யாரோ சிரித்தார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒரு ஜல்லி கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று. நானும் போட்டேன். அந்தச் சத்தம்தான் என் ஜெபத்துக்கு வந்த பதில். இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் தலைமையாசிரியை சின்ன கேட்டைத் திறந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் சிலரை உள்ளே அழைத்தார். செல்வியும் நானும் போனோம். புத்தகத்தைக் காட்டினார். எல்லா மதமும் இருந்தது. இயேசுவும் இருந்தார். கொஞ்சம் பக்கம்தான். எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. சிலர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். நான் மாற்றவில்லை. அவள் உடம்பைக் காத்தவர் அவள் விசுவாசத்தையும் காப்பார்.

மீதிப் பாடம் இப்போது எங்கள் வீட்டில் நடக்கிறது. நான் எழுத்துக் கூட்டி பைபிள் வாசிக்கிறேன். எஸ்தர் திருத்துகிறாள்.

"நைனா, அது பயப்படுதே இல்ல. பயப்படாதே."

அந்த ஒரு வார்த்தையை இப்போது சரியாக வாசிக்கிறேன்.

பிள்ளையை நினைத்துப் பயப்படுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். முதலில் கையில் இருப்பதைக் கீழே போடுங்கள். பிறகு அந்தக் கையைக் குவித்துக் கேளுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.