துணையின் தும்பிக்கை

நான் போர்டு எழுதுகிறவன். மலைக்கோட்டைக் கடைவீதியில் பாதிக் கடைகளுக்கு என் எழுத்துதான். சாக்குக்கட்டித் தூள் தடவிய நூலை இழுத்துக் கோடு போடாமல் பிரஷைத் தொடமாட்டேன். எழுத்துக்கு எழுத்து ஒரே அளவு. அந்தக் கர்வத்தில்தான் என் மனைவியின் தம்பிக்கு நானே தொழில் பழக்கிவிட்டேன். புத்தி கெட்ட வேலை.

அவனுக்கு அளவு என்பதே கிடையாது. ஸ்ரீரங்கத்தில் ஒரு காபி கிளப்புக்கு 'ரங்கநாதர் துணை' என்று எழுதப் போனான். அப்போதெல்லாம் 'ணை' எழுதினால் முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி வரும். இவன் இடம் பார்க்காமல் எழுதிக்கொண்டே போய், கடைசியில் சுழி போட இடமில்லாமல் மாட்டிக்கொண்டான். அழித்து எழுதச் சோம்பல். சுழியைத் தூக்கிப் பக்கத்திலிருந்த 'து'வின் தலைமேல் வைத்துவிட்டான்.

ஊரே அதைப் பார்க்கப் போனது. "கோயில் யானை ஆசீர்வாதம் பண்ற மாதிரியே இருக்குங்க!" என்று காபி குடிக்க வந்தவர்களெல்லாம் சொன்னார்களாம். என் மனைவியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நீங்க எழுதினா இப்படியெல்லாம் வராதே" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் நேராக எழுதியவனை ஒருவரும் நின்று பார்த்ததில்லை.

நானும் போய்ப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டுதான். அழகாகத்தான் இருந்தது, பாவி.

அடுத்த மாதம் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு போர்டு. வீதியிலேயே பெரிய போர்டு; கடைப்பெயருக்கு மேலே அதிலும் ஒரு 'துணை' வரும். இதில் அவனை மிஞ்சாவிட்டால் பிரஷைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் சபதம். மூன்று நாள் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். 'து'வுக்கும் 'ணை'க்கும் நடுவே எவ்வளவு இடம் குறைக்க வேண்டும் என்று அளந்து, காம்பஸ் வைத்து வளைத்து, நாலாம் நாள் போர்டில் தும்பிக்கையைத் தூக்கி 'து'வின் தலைமேல் வைத்தேன்.

முதலாளி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னங்க, அளவு தப்பிடுச்சா?"

நான் பிரஷை டப்பாவுக்குள் விட்டுக் கலக்கினேன்.

"பரவாயில்லீங்க, அழிச்சுட்டு உங்க வழக்கப்படி நேரா எழுதிடுங்க. கோணல் வேணும்னா உங்க மச்சினரையே கூப்பிட்டிருப்பேனே."

ஏணியில் ஏறி, மண்ணெண்ணெய்த் துணியால் தும்பிக்கையைத் துடைக்க ஆரம்பித்தேன். கீழே பழக்கப்பட்ட குரல் கேட்டது. மச்சினன்தான், வெற்றிலையை மென்றபடி நின்றுகொண்டிருந்தான்.

"அத்தான், அழிக்காதீங்க. ரொம்ப நல்லா இருக்கு."

கிண்டல் இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அந்தத் தும்பிக்கையை நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான். அந்தப் பாராட்டும் அவன் வாயால்தான் எனக்குக் கிடைக்க வேண்டுமா?

துணியை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.