எள்ளளவு சதை

குடல் நோய் வந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. திருவரங்குளம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது. போகும்போதெல்லாம் ரத்தம். செய்யுளைப் பாதியில் விட்டுவிட்டு வகுப்பைவிட்டு வெளியே போவேன். திரும்பி வரும்போது பிள்ளைகள் புத்தகத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரியும்.

என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்றார் திருச்சி டாக்டர். மாத்திரைக்குக் கேட்கவில்லை. அந்தச் சக்தியை அடக்கும் ஊசி போட்டார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு ரத்தம் நின்றது. ஆலங்குடியிலிருந்து திருச்சி வரை, நடுவில் எங்கும் இறங்காமல், ஒரு காபியும் குடித்துவிட்டு பஸ்ஸில் போய்வந்தேன். அன்று என் கணவர் என்னைவிடச் சந்தோஷமாக இருந்தார்.

ஆறேழு மாதம் கழித்து இருமல் வந்தது. மாலையானால் காய்ச்சல். காசநோய் என்றார்கள். ஊசிக்கு முன்பே அதற்கான பரிசோதனையெல்லாம் செய்திருந்தார்கள். அப்படியும் வந்துவிட்டது. ஊசி குடலில் மட்டும் வேலை செய்யவில்லை, உடம்பு முழுக்கக் காவலைத் தளர்த்திவிட்டது. ஊசியை நிறுத்தி, ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டுத் தேறினேன். அதற்குள் குடல் பழையபடி கெட்டிருந்தது. எதற்கு மருந்து சாப்பிடுகிறோம் என்றே சலித்துப்போன காலம் அது.

அப்போதுதான் மருத்துவமனையில் ஒரு பெண் என்னிடம் வந்து பேசினாள். ஆவூர்க்காரி. விவசாயக் குடும்பம், மாதா கோயில் பள்ளியில் படித்தவள், இப்போது திருச்சியில் ஆராய்ச்சி செய்கிறாள். கையில் ஒரு சம்மதப் படிவம். தமிழில்தான் இருந்தது. ‘பங்கேற்பாளரின் அழற்சியுற்ற பெருங்குடல் சளிச்சவ்வுத் திசுவில் மருந்தேற்றப்பட்ட நானோ துகள்களின் ஒட்டுதிறன் மதிப்பிடப்படும்.’ இரண்டு முறை படித்தேன். இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏம்மா, இதுல கையெழுத்துப் போட்டவங்க யாராச்சும் இதைப் படிச்சாங்களா?" என்று கேட்டேன்.

அவள் முகம் சுருங்கியது. "இல்ல டீச்சர். எங்க போடணும்னுதான் கேட்டாங்க."

பக்கத்தில் உட்கார வைத்து, என்ன செய்கிறாய் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னாள். எனக்குப் போட்டது போன்ற மருந்தை மிகமிகச் சிறிய துகள்களுக்குள் அடைக்கிறார்கள். தலைமுடி ஒன்றின் குறுக்களவில் நூற்றுக்கணக்கான துகள்களை வரிசையாக நிறுத்தலாம். விழுங்கினால் வயிற்று அமிலத்தில் கரையாமல் பெருங்குடலுக்குப் போய், புண்ணில் மட்டும் ஒட்டி, அங்கேயே மருந்தை விட வேண்டும். மற்ற உடம்புக்கு அது தெரியவே கூடாது. நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "ஆமா டீச்சர், அதுக்குத்தான்" என்றாள்.

படிவத்தை வீட்டுக்கு வாங்கிவந்து திருத்தினேன். ‘குடலைக் கேமரா வைத்துப் பார்க்கும்போது, புண் உள்ள இடத்திலிருந்தும் நல்ல இடத்திலிருந்தும் எள்ளளவு சதை எடுப்போம். மருந்தைச் சுமக்கும் துகள்கள் அதில் ஒட்டுகின்றனவா என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்போம். துகள்களை உங்கள் உடம்புக்குள் செலுத்த மாட்டோம்.’ கடைசியில், இந்த மருந்து விரைவில் உங்களுக்குக் கிடைக்கும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். படிக்கிறவர்களுக்குத் தெம்பாக இருக்கட்டுமே என்று.

அந்த வரியை மட்டும் அவள் அடித்துவிட்டாள். "இதனால் உங்களுக்கு இப்போது பயன் இல்லை" என்று எழுதித் தரச் சொன்னாள்.

"அப்படி எழுதினா யாரும்மா குடுப்பாங்க?"

"குடுக்காட்டியும் பரவாயில்ல டீச்சர். கிடைக்கும்னு எனக்கே தெரியாது."

எனக்குக் கொஞ்சம் மனசு வலித்தது. தெம்பு தேவைப்பட்டது எனக்குத்தான் என்பது அப்போது புரிந்தது. அவள் சொன்னபடி எழுதிக்கொடுத்தேன். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைத்து வந்த புதிய படிவத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.

கேமராப் பரிசோதனையில் சதை எடுத்து ஒரு வாரத்தில் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னாள். இருட்டறையில் திரையில் இரண்டு படங்கள். முதலாவது கிட்டத்தட்ட முழுக் கறுப்பு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளிகள். அது நல்ல இடத்துச் சதை. இரண்டாவதில் புண்ணின் விளிம்பு முழுக்கப் பச்சை மொய்த்துக் கிடந்தது. ஒளிரும் சாயம் ஏற்றிய துகள்கள்.

"இது ஒங்களோடதுதான் டீச்சர்" என்றாள்.

எத்தனையோ முறை அந்த இடத்தைச் சபித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். புண் எது, நல்லது எது என்று அந்தத் தூசிக்குத் தெரிந்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது. அவள் உடனே விளக்கைப் போடவில்லை.

எனக்கு இப்போது வேறு மாத்திரை ஒத்துக்கொண்டிருக்கிறது. முழுக்கக் குணமில்லை, ஆனால் நாற்பது நிமிடப் பாடத்தை எழுந்து போகாமல் நடத்த முடிகிறது. போன மாதம் இடைவேளையில் அவள் போன் செய்தாள். மருந்து அடைத்த துகள்களை நோயுள்ள எலிகளுக்குக் கொடுத்ததில் குடல் புண் ஆறி வருகிறதாம், ரத்தத்தில் மருந்து மிகக் கொஞ்சம்தான் கலந்திருக்கிறதாம். மனிதர்களுக்கு வர வருடக்கணக்காகும், வராமலும் போகலாம் என்று அதையும் சேர்த்தே சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். எப்ப கிடைக்கும் என்று கேட்டார். தெரியாதாம் என்றேன்.

"சரி, அவங்க செய்யட்டும். நீ கை கழுவிட்டு வா, சாப்புடலாம்" என்றார். எனக்கும் நல்ல பசி.